சோம்பேறிகளின் சிகரம்

மலையேற்றம் சோம்பேறிகளுக்காகவே உண்டான விளையாட்டு. நான் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சுறுசுறுப்பானவர்கள் சண்டைக்கே வருகிறார்கள். ஓடுகிறவர்கள், தண்டால் எடுக்கிறவர்கள், விடியற்காலை எழுந்து வெந்நீரில் தேன் கலந்து குடித்து அதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறவர்கள் எல்லோரும் இமயமலைக்குத் தங்கள் பெயரில் பட்டா இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டாவைச் சரிபார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் காயும் துணியை மழை வந்தால்தான் எடுப்பேன். மழை நின்றுவிடும் போலத் தெரிந்தால் அதையும் தள்ளிப்போடுவேன். ரிமோட் கைக்கு எட்டவில்லையென்றால் ஓடுகிற சீரியலையே பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பல குடும்பங்களின் கதை எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட நான் லடாக்கில் 6,250 மீட்டர் உயரமுள்ள காங் யாட்சே 2 என்ற சிகரத்தின் உச்சியில் நின்றிருக்கிறேன். மாரத்தான் ஓடுகிற என் மச்சினன் நிற்கவில்லை. இது தற்செயல் அல்ல என்று நிறுவுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

யோசனை மச்சினனுடையதுதான். அவன் முதலில் கேட்டது ஸ்டோக் காங்ரி. லே நகரத்துக்குப் பின்னால் நிற்கும் 6,153 மீட்டர் சிகரம். கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஏறி, கீழே ஸ்டோக் கிராமத்துக்காரர்கள் குடிக்கிற ஓடைத் தண்ணீர் கெட்டுப்போனதால் 2020இல் அதை மூடிவிட்டார்கள். “அதுக்குப் பதிலா காங் யாட்சே போறேன், அது இன்னும் நூறு மீட்டர் ஒசரம்” என்றான். ஒரு கடை மூடியிருந்தால் பக்கத்துக் கடையில் இன்னும் விலை கூடிய பொருளை வாங்கிவரும் சுபாவம் அவர்கள் குடும்பத்துக்கே உண்டு.

என் மனைவிக்குத் தம்பியைத் தனியே அனுப்பப் பயம். “என்னங்க, நீங்களும் கூடப் போங்க. அவன் அவசரக்காரன். நீங்க இருக்கிற எடத்துல எதுவும் வேகமா நடக்காது” என்றாள். என் இத்தனை வருட இல்லற வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இது ஒன்றுதான்.

மச்சினன் பயிற்சியில் இறங்கினான். முதுகுப் பையில் பொன்னி அரிசியை நிரப்பிக்கொண்டு அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்குவான். நானும் பயிற்சி எடுத்தேன். பக்கத்துத் தெரு டீக்கடையில் டீ நன்றாக இல்லை என்று பாளையங்கோட்டை மறுகோடியில் இருக்கிற கடைக்குத் தினமும் சாயங்காலம் நடந்தே போய்வந்தேன். பேசிக்கொண்டே, வேடிக்கை பார்த்துக்கொண்டே, வியர்க்காமல். “இது டிரெய்னிங்கா அத்தான்?” என்று கேட்டான். “டீ” என்றேன்.

மூட்டை கட்டுகிற நாள் வந்தது. மலையேற்றப் பையை லிட்டரில் அளக்கிறார்கள். எங்கள் பை 60 லிட்டர். ஏறுகிறவர்களுக்கான நூல்களில் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டி எடை குறைப்பதைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். என் மாமியார் அந்த நூல்களைப் படித்ததில்லை. “மாப்பிள்ளைக்கு அங்க வாய்க்கு ருசியா என்ன கெடைக்கும், எடுத்து வைடி” என்று மகளுக்குக் கட்டளையிட்டு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கைமுறுக்கு எல்லாவற்றையும் பையில் ஏற்றிவிட்டார். பிரஷ்ஷை வெட்டி என்ன பயன்?

மச்சினன் பையில் வேறொரு சரக்கு இருந்தது. அவன் நண்பர்கள் அடித்துக் கொடுத்த ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட மச்சினன். மேலே, ‘இமயம் தொடும் எங்கள் இமயமே!’ கீழே வரிசையாகப் பாஸ்போர்ட் அளவில் நண்பர்கள் முகம், செல்பேசி காதில். உச்சியில் விரித்துப் பிடித்துப் படமெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திருநெல்வேலியில் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் உண்டு. 6,250 மீட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

விமானம் லேயில் இறங்கியது. லே விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர். தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். தொட்டபெட்டா 2,637. அகத்தியர் மலை 1,868. அதாவது விமானப் படிக்கட்டில் கால் வைத்த நிமிடமே நான் தென்னாட்டு மலைகள் அத்தனையையும் தாண்டிவிட்டேன். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபடி, ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டே. என் கொள்கைக்கு அங்கேயே முதல் ஆதாரம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது ஆதாரம் தங்குமிடத்தில் கிடைத்தது. எங்கள் கைடு ஒரு லடாக்கி இளைஞர். அவர் சொன்ன முதல் விதி: “இரண்டு நாள் ஒன்றும் செய்யக் கூடாது.” படுக்க வேண்டும், சாப்பிட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மாடிப்படி ஏறினாலும் மெதுவாக ஏற வேண்டும். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. வாழ்நாள் முழுக்க எதற்காக ஏச்சு வாங்கினேனோ அதையே ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு கடமையாக விதிக்கிறார்.

காரணத்தையும் விளக்கினார். மேலே போனால் ஆக்சிஜன் சதவீதம் குறைவதில்லை; எங்கேயும் காற்றில் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒரு மூச்சு இழுத்தால் அரை மூச்சுக்கான சரக்குதான் உள்ளே போகும். இதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். பழகாமல் ஏறினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. அதையும் மதிக்காமல் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்று தூங்குகிற இடத்துக்கும் நாளை தூங்குகிற இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கக் கூடாது என்பது பொதுவிதி. உடற்பயிற்சி செய்த உடம்பு, செய்யாத உடம்பு என்று இந்த நோய் பேதம் பார்ப்பதில்லை என்று அவர் சொன்னபோது நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் கைக்கடிகாரத்தில் தன் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் எழுதிக்கொடுத்த அசிட்டசோலமைடு மாத்திரையும் இருந்தது. சிறுநீரகத்தை முடுக்கிவிட்டு, ரத்தத்தில் சற்று அமிலத்தன்மையை ஏற்றி, மூளையை ‘இன்னும் வேகமாக மூச்சுவிடு’ என்று நம்பவைக்கும் மாத்திரை. நாம் தூங்கும்போதும் நமக்காக வேலை பார்க்கும். பக்கவிளைவாக விரல் நுனிகளில் மரமரப்பும், சோடா குடித்தால் சப்பென்ற ருசியும் வரும். சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருக்க வேண்டியும் வரும். கைடு தண்ணீர் குடி என்கிறார், மாத்திரை வெளியே போ என்கிறது. இரண்டு அதிகாரிகளுக்கு நடுவே மாட்டிய குமாஸ்தா வாழ்க்கை.

எங்கள் குழுவில் கொல்கத்தாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். மலையேற்றத்தில் வங்காளிகளுக்கு இருக்கும் மோகம் தனி. குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு அவர்கள் போகாத பள்ளத்தாக்கு கிடையாது. ஓய்வு நாளில் தோட்டத்தில் உட்கார்ந்து என்னிடம் அவர் ஒரு செய்தி சொன்னார். எவரெஸ்ட்டை டென்சிங்கும் ஹில்லாரியும் தொட்டது 1953இல். அதற்கு 101 ஆண்டு முன்பே ஒரு வங்காளி அதை வென்றுவிட்டார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே! 1852இல் ராதாநாத் சிக்தார் என்ற கணித மேதை, நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, ‘பதினைந்தாம் சிகரம்’ என்று எண் மட்டும் இருந்த அந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று கண்டுபிடித்தார்.

எனக்கும் ஊர்ப்பற்று உண்டு. “அந்த அளவைப் பணி தொடங்கியது எங்கள் பரங்கிமலையில்” என்றேன். 1802இல் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகில் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த வேலைதான் முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு இமயமலைக்குப் போய்ச் சேர்ந்தது. முந்நூறு அடிக் குன்றிலிருந்து கிளம்பி உலகத்தின் உச்சியை அடைய ஐம்பது ஆண்டு. யாரும் ஓடவில்லை. இதைக் கேட்டு ஆசிரியர் இன்னொன்று சொன்னார். 1856இல் அறிவித்த உயரம் 29,002 அடி. கணக்கில் சரியாக 29,000 என்றுதான் வந்ததாம். முழு எண்ணாகச் சொன்னால் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று ஊர் நினைக்கும் என்பதால் இரண்டு அடியைச் சேர்த்துக்கொண்டார்களாம். அந்த இரண்டு அடியும் யாரும் ஏறாமலே ஏறியவை.

நடை தொடங்கியது சில்லிங் பக்கத்திலிருந்து. சில்லிங் செம்பு, பித்தளைப் பாத்திரம் அடிக்கும் கன்னார்களின் கிராமம். அங்கிருந்து ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் என்று ஆற்றை ஒட்டியே பள்ளத்தாக்கு மேலேறுகிறது. இமயமலையின் மழைமறைவில் இருப்பதால் லடாக்கில் மழை அபூர்வம். மலைகள் ஊதா, பச்சை, துரு என்று மொட்டையாக நிற்கும். கிராமம் இருக்கிற இடத்தில் மட்டும் பார்லி வயலும் வில்லோ மரமும். செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. என் மேலதிகாரியால் என்னைக் கூப்பிட முடியாத நிலப்பரப்பு இந்தியாவில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று தெரிந்ததும் கண்ணில் நீர் கசிந்தது.

சோம்பேறிக்குத் தேவையான வசதிகளும் அங்கே உண்டு. ராணுவம் கழித்துப்போட்ட பாராசூட்டை நடுவே ஒரு கம்பு நட்டுக் கூடாரமாக விரித்து, கிராமத்துப் பெண்கள் டீக்கடை வைத்திருப்பார்கள். வானத்திலிருந்து மனிதனை மெதுவாக இறக்குவதற்காகவே செய்த துணியின் கீழ் உட்கார்ந்து, மாகியும் ஆம்லெட்டும் சாப்பிடலாம். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் தருவார்கள். டீ என்று நினைத்துக் குடித்தால் அதிர்ச்சி. சூப் என்று நினைத்துக் குடித்தால் அமிர்தம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் உலகில் பல விஷயங்கள் ருசிக்கும்.

கழிவறையைப் பற்றிச் சொல்லாமல் லடாக் கட்டுரை நிறைவு பெறாது. தண்ணீர் அரிதான ஊர் என்பதால் அங்கே தண்ணீரே இல்லாத கழிவறை. மாடியில் மண் தரை, நடுவில் ஒரு நீளத் துளை, ஓரத்தில் மண்குவியல், ஒரு மண்வெட்டி. வேலை முடிந்ததும் மண்ணை வெட்டித் துளைக்குள் தள்ள வேண்டும். கீழ்த்தளத்தில் அது மக்கி உரமாகி வயலுக்குப் போகும். நாற்றம் கிடையாது, வீணடிப்பு கிடையாது, நம்மூர் நகராட்சிகள் கோடிக்கணக்கில் டெண்டர் விட்டும் செய்ய முடியாத காரியம். ஆனால் ஒன்று: திருநெல்வேலிக்காரனுக்குத் தண்ணீர் இல்லாத அந்த அறையில் ஏற்படும் தனிமையுணர்வை எந்தத் தத்துவ நூலும் இதுவரை எழுதவில்லை.

நடையில் மச்சினன் எப்போதும் முன்னால். அடுத்த முகாமுக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து, கூடாரத்தை ஏற்றிவரும் குதிரைகள் வராததால் வெயிலில் உட்கார்ந்திருப்பான். நானும் வங்காள ஆசிரியரும் பின்னால் பேசிக்கொண்டே போவோம். ஓடையைக் கடக்கும் இடங்களில் பனிக்கட்டி உருகிய நீர் முழங்கால்வரை ஓடும். காலை வைத்தால் கால் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஆற்றில் தண்ணீர் கூடும் என்பதால் காலையிலேயே கடக்கச் சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுறுசுறுப்பு உதவும் என்று ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையாளனுக்கு நேர்மை முக்கியம்.

நிமாலிங் ஒரு பெரிய மேய்ச்சல் வெளி. ஏறத்தாழ 4,800 மீட்டர். மார்க்கா பள்ளத்தாக்கு மக்கள் கோடையில் ஆடுகளையும் யாக்குகளையும் ஓட்டிவரும் இடம். நேர் எதிரே காங் யாட்சே. புல்வெளி முழுக்க மார்மட்டுகளின் வளைகள். பூனையைவிடப் பெரிய, கொழுத்த, பழுப்புநிறக் கொறிப்பான்கள். ஆண்டில் பாதியை வளைக்குள் தூங்கியே கழிப்பவை. மீதிப் பாதியில் புல் தின்று, வயிற்றைப் பெருக்கி, பாறைமேல் நின்று வேடிக்கை பார்க்கின்றன. இவ்வளவு உயரத்தில், இவ்வளவு குளிரில், மாத்திரை எதுவும் இல்லாமல் கொழுகொழுவென்று வாழ்கிற ஒரு பிராணி, அதுவும் இவ்வளவு தூங்கிவிட்டு! நான் ஒரு மார்மட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. எங்களுக்குள் பேச்சு தேவைப்படவில்லை.

மச்சினனுக்கு வேறு ஆசை. “அத்தான், அந்தக் கொடி கட்டியிருக்கிற மேடு வரைக்கும் ஓடிட்டு வர்றேன், கால் மரத்துப்போச்சு” என்றான். “மாப்ளே, கைடு என்ன சொன்னாரு?” என்று கேட்பதற்குள் அவன் பாதி மேட்டில் இருந்தான். ஓடிப்போய் ஓடிவந்தான். கைக்கடிகாரம் அவனைப் பாராட்டி மணி அடித்தது.

அன்று சாயங்காலம் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். விடிவதற்குள் கைமுறுக்கும் வெளியே வந்தாயிற்று. கைடு விரல் நுனியில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு, “கீழே” என்று ஒரே வார்த்தை சொன்னார். இந்த நோய்க்கு முதல் மருந்தும் கடைசி மருந்தும் இறங்குவதுதான். பேனரை என் கையில் கொடுத்து, “நீங்களாவது…” என்று தழுதழுத்தான். குதிரைக்காரர் ஒருவர் துணையோடு அவன் ஹங்கர் கிராமத்துக்கு இறங்கினான். சாயங்காலத்துக்குள் தலைவலி போய், அங்கே அவன் தங்கிய வீட்டு அம்மாள் செய்த ஸ்க்யூவை, அதாவது கோதுமை மாவுத் துண்டுகளைக் காய்கறியோடு வேகவைத்த குழம்பை, மூன்று கிண்ணம் சாப்பிட்டிருக்கிறான். அது பின்னால் தெரிந்தது. அப்போது நான் அவனுக்காக உண்மையாகவே கவலைப்பட்டேன். படுத்துக்கொண்டு கவலைப்பட்டேன்.

அடிவார முகாம் 5,100 மீட்டரில். அங்கே தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அரிசி லேசில் வேகாது. அதனால் எங்கள் சமையற்காரர் பிரஷர் குக்கரைக் குதிரைமேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பனிமலை சூழ்ந்த அந்த மௌனத்தில் குக்கர் விசில் அடித்தபோது, எனக்கு அனிச்சையாக, “எத்தனையாவது விசில்?” என்று கேட்கத் தோன்றியது. சோற்றில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து எல்லோருக்கும் கொடுத்தேன். கைடும் சமையற்காரரும் குதிரைக்காரர்களும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எடை குறைக்கும் நூல்களை எழுதியவர்கள் என் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் அங்கே என் கொள்கைக்கு ஒரு சோதனையும் வந்தது. தூக்கம் வரவில்லை. நான் எங்கேயும், எதிலும், நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடியும் தூங்கியவன். உயரத்தில் மூச்சு ஒரு தாளத்தில் ஓடுவதில்லை. வேகமாகச் சில மூச்சு, பிறகு சில விநாடி ஒன்றுமே இல்லை, மறுபடி ஒரு பெருமூச்சோடு ஆரம்பம். கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருந்த வங்காள ஆசிரியரின் குறட்டை திடீரென்று நிற்கும். நான் திடுக்கிட்டு எழுந்து டார்ச் அடிப்பேன். உடனே குறட்டை தொடங்கும். அவர் முழித்துக்கொண்டு, “ஏன் விளக்கடிக்கிறீர்கள்?” என்று கோபப்படுவார். நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்த்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இதற்கிடையில் மாத்திரை தன் கடமையைச் செய்யும். உறைகுளிரில் தூங்குபையின் ஜிப், கூடாரத்தின் உள் ஜிப், வெளி ஜிப், பூட்ஸ் எல்லாம் கடந்து வெளியே போய்த் திரும்பினால், பையின் சூடு போயிருக்கும்.

உச்சிக்குக் கிளம்பியது இரவு 11 மணிக்கு. வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும் என்பதால், அது இறுகிக் கிடக்கும் இரவில் ஏறி, முற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். உடைமேல் உடையாகப் போட்டு முடிக்கவே வெகுநேரமானது. தலையில் விளக்கு. குளிரில் பாட்டரி செத்துவிடும் என்பதால் அதைத் தூங்குபைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தேன்.

இங்கேதான் கைடு எனக்கு மலையேற்றத்தின் மகா ரகசியத்தைக் கற்றுக்கொடுத்தார். ஒரு காலை முன்னே வை. பின்னங்காலின் முட்டியை நேராக்கிப் பூட்டு. உடம்பின் பாரம் தசையில் இல்லாமல் எலும்பில் நிற்கும். ஒரு மூச்சு ஓய்வெடு. பிறகு அடுத்த அடி. இதற்கு ‘ரெஸ்ட் ஸ்டெப்’ என்று பெயர். உயர மலைகளில் மலையேறிகள் பலரும் கையாளும் முறை. அடிக்கு ஒரு ஓய்வு! நான் பாளையங்கோட்டை டீக்கடைக்கு இப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். யாரும் அப்போது மதிக்கவில்லை.

சரளைக்கல் சரிவில் பல மணி நேரம். பிறகு பனிச்சரிவு. பூட்ஸில் கிராம்பான் என்ற இரும்புப் பற்களை மாட்டினார்கள், கையில் பனிக்கோடரி, இடுப்பில் கயிறு. கயிற்றில் கட்டிவிட்டால் முன்னால் போகிறவன், பின்னால் வருகிறவன் எல்லோருடைய வேகமும் அதில் மிக மெதுவானவனின் வேகம்தான். அந்த இரவில் அந்தச் சரிவின் சட்டத்தை நான் இயற்றினேன். புனேயிலிருந்து வந்திருந்த இரண்டு வாலிபர்கள் எனக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓய்வெடுத்தார்கள். “ஆராம் ஸே, சார், ஆராம் ஸே” என்று கைடு எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அறிவுரை தேவைப்படாத ஒரே ஆள் நான்தான்.

உயர்ந்த சிந்தனைகள் எதுவும் வரவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் மூளை அத்தியாவசியப் பணிகளை மட்டும் பார்க்குமாம். என் மூளை அத்தியாவசியம் என்று தேர்ந்தெடுத்தது, கரண்ட் பில் கட்டினோமா என்ற கேள்வியை. அதை நான்கு மணி நேரம் யோசித்தேன். விடை கிடைக்கவில்லை. நடுவில் விடிந்தது.

ஏழு மணிக்குச் சற்று முன்பின்னாக உச்சி வந்தது. அதற்கு மேல் ஏற ஒன்றும் இல்லை என்பதுதான் அடையாளம். காற்றழுத்தம் கீழே இருப்பதில் பாதிக்கும் குறைவு. வடக்கே காரகோரம் மலைத்தொடர் வெள்ளை வரிசையாக நின்றது. சரி, இத்தனை பாடுபட்டு ஒரு வழியாக வந்துவிட்டோம் என்று நிமிர்ந்தால், பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், காங் யாட்சே 1. 6,400 மீட்டர். நம்மை விட 150 மீட்டர் உயரம். நம்மூரில் கடன் வாங்கி ஒரு மாடி கட்டிப் பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பக்கத்து மனைக்காரன் இரண்டாம் மாடிக்கு கான்கிரீட் போடுவானே, அதே எரிச்சல்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். ஃபிளெக்ஸை விரித்தோம். காற்று அதைப் பிடுங்கியது. நான் ஒரு முனையையும் வங்காள ஆசிரியர் மறுமுனையையும் பிடித்துக்கொள்ள, கைடு படமெடுத்தார். படத்தில் என்னுடையது என்று சொல்ல ஒரு கையுறையும், ஆசிரியருடையது என்று சொல்ல ஒரு குரங்குக் குல்லாயின் உச்சியும் இருக்கின்றன. நடுவில் கூலிங்கிளாஸோடு மச்சினன் முழுசாக, அவன் ஏழு நண்பர்களும் செல்பேசியோடு. பேனரைச் சுருட்டித் திரும்பக் கொண்டுவந்தோம். மேலே ஒரு மிட்டாய்க் காகிதம்கூட விடக் கூடாது என்பதில் கைடு கறார். ஸ்டோக் காங்ரி ஏன் மூடப்பட்டது என்பது அவருக்கு மறக்கவில்லை.

இறங்குவது எளிது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு முட்டிகள் இல்லை என்று அர்த்தம். களைத்த உடம்பும் இளகிய பனியும் சேரும்போதுதான் மலையில் விபத்துகள் நடக்கின்றன. அங்கேயும் நிதானம்தான் காப்பாற்றியது. இரண்டு வாலிபர்களும் இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை, அவர்களாகவே உட்கார்ந்தார்கள். அடுத்து 5,200 மீட்டருக்கு மேலுள்ள கோங்மாரு லா கணவாயைத் தாண்டி, லே வந்து சேர்ந்தோம். மச்சினன் எங்களுக்கு முன்பே வந்து, சவரம் செய்து, பளபளவென்று இருந்தான். படத்தைப் பார்த்துக் கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டான். அடுத்த நிமிடம் அதை நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டான்.

ஊரில் நாங்கள் இறங்கியபோது ரயில் நிலையத்தில் மாலை காத்திருந்தது. அவனுக்கு. “அத்தான்தான்டா ஏறினாரு” என்று அவன் கத்தியதை யாரும் கேட்கவில்லை. படமே பேசுகிறதே! என்னைப் பார்த்த ஒருவர், “நீங்களும் கூடப் போயிருந்தீங்களா? கீழயே இருந்துட்டீங்களோ?” என்று அன்பாக விசாரித்தார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, எதற்கு வீண் சிரமம் என்று விட்டுவிட்டேன். கொள்கை என்றால் கடைசிவரை இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். உயர மலைகளில் வேகத்துக்கு மரியாதை கிடையாது. எல்லாவற்றிலும் முந்திப் பழகிய உடம்புக்கு அங்கே நிற்கக் கற்றுக்கொள்வதுதான் கடினம். நமக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. ஆகவே சக சோம்பேறிகளே, தைரியமாகப் போங்கள். ஆனால் தினமும் நடந்து பழகுங்கள். மெதுவாக என்றாலும் நாள் தவறாமல். டாக்டரைப் பார்க்காமல் மாத்திரை வாங்காதீர்கள். லேயில் இறங்கியதும் இரண்டு நாள் படுத்தே இருங்கள். தலைவலி வந்தால் மறைக்காதீர்கள். இறங்கச் சொன்னால் இறங்குங்கள். குடிநீர் பாட்டிலையும் இரவில் கூடாரத்துக்குள்ளேயே பயன்படுத்தும் இன்னொரு பாட்டிலையும் ஒரே நிறத்தில் வாங்காதீர்கள். இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள். முக்கியமாக, புளிக்காய்ச்சலை மறக்காதீர்கள்.

ஏறுவதற்கு ஏற்ற காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடம் போங்கள், ஒன்றும் அவசரமில்லை.